வாளாவிருக்கலாமா?

தமிழ் டீச்சர் வேலையில் இலக்கணத்தைக்கூடச் சமாளித்துவிடலாம். ‘சொற்றொடரில் அமைத்து எழுதுக’ விடைகளைத் திருத்துவதுதான் ஆளைக் கொல்லும். சக டீச்சர்களே, நீங்களும் பட்டிருப்பீர்கள்.

வார்த்தை வந்தால் போதும்

ஏரியூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்கு ‘வாளாவிருத்தல்’ கொடுத்தேன். செய்ய வேண்டியதைச் செய்யாமல் சும்மா இருப்பது என்று பொருளும் சொன்னேன். மொத்த வகுப்பும் எழுதியது: ‘நான் வாளாவிருத்தல் என்ற சொல்லைப் படித்தேன்.’ தலையில் கை வைத்துக்கொண்டேன். முதல் பெஞ்சு ரஞ்சனி எழுந்து என்னைத் தேற்றினாள்: “தப்பே இல்லீங்களே டீச்சர், வார்த்த வந்துருச்சுங்களே!”

வூட்டுப்பாடம்

இனி நோட்டில் எழுதக் கூடாது, அந்தச் சொல்லை வைத்து யாரிடமாவது பேசிவிட்டு அவர் சொன்ன பதிலோடு வரவேண்டும் என்று சட்டம் போட்டேன்.

மறுநாள் ரஞ்சனி மூச்சிரைக்க வந்தாள், அதுவும் இரண்டாவது பீரியடுக்கு. அவள் ஊர் ஸ்டாப்பில் காலை பஸ் நிற்காது, நடைதான். இப்படியே போனால் படிப்பை நிறுத்திவிடுவதாக அவள் அப்பா சொல்லிவிட்டார். எனக்குப் பகீரென்றது. அவளோ பதிலைச் சொல்லத் துடித்துக்கொண்டிருந்தாள். ராகிக் கொல்லையில் மாடு மேய, அண்ணன் செல்போனில் மூழ்கியிருந்தானாம். “மாடு பயிரத் திங்குது, நீ வாளாவிருக்கிறியே!” என்றிருக்கிறாள். அண்ணன் கேட்டானாம்: “ஏய், இப்ப என்னயத் திட்டுனியா, புகழ்ந்தியா?”

கிராம சபை

சுதந்திர தினத்துக் கிராம சபைக்கு பஸ் டிப்போ அதிகாரி ஒருவரும் வந்திருந்தார். திடீரென்று ரஞ்சனி எழுந்தாள். “பஸ்ஸு நிக்கறதில்லன்னு எத்தனயோ மனு குடுத்துட்டோங்க. எங்க படிப்பே நிக்கப்போவுது. நீங்க இன்னும் வாளாவிருக்கலாமாங்க?”

அதிகாரி பக்கத்திலிருந்தவரிடம் பொருள் கேட்டார். அவர் உதட்டைப் பிதுக்கினார். ரஞ்சனியே சொன்னாள்: “தெரிஞ்சிருந்தும் ஒண்ணும் செய்யாம சும்மா இருக்கறதுங்க.” கைதட்டலில் பந்தலே அதிர்ந்தது. எனக்கு விசிலடிக்கத் தெரிந்திருந்தால் அடித்திருப்பேன். அதிகாரி கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “நாளையிலேருந்து நிக்கும்மா. நீ உக்காரு.”

ரைட்!

பார்த்தே தீருவது என்று மறுநாள் நானும் அதே பஸ்ஸில் ஏறினேன். ஸ்டாப் நெருங்க நெருங்க சீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. டிரைவர் பிரேக் போட்டாரே பார்க்கலாம்! ரஞ்சனியும் கூட்டாளிகளும் திமுதிமுவென்று ஏறினார்கள். கண்டக்டர் படியில் தொங்கியபடி குரல் கொடுத்தார்: “அந்த வாளாவிருந்த பொண்ணு ஏறிடுச்சா? ரைட், போலாம்!”

வாளாவிருக்காத பெண்ணை அப்படி அழைத்தது பிழைதான் என்றாலும், பஸ்ஸை நிறுத்தியவருக்கு நான் முழு மதிப்பெண் போட்டுவிட்டேன்.