படகில் ஏறிய செருப்பு

தொண்ணூறுகளில் அஞ்சல் வழியில் சமூகவியல் படித்தேன். சிலவற்றைப் புனிதம் என்று ஒதுக்கி, அவற்றுக்குக் கூட்டமாகக் கட்டுப்படுவதே மதம் என்பது பாடம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, மாமல்லபுரம் அருகே ஒரு மீனவக் குப்பத்தில் கள ஆய்வுக்கான கேள்வித்தாளோடு நின்றேன். படகில் சாமி உண்டா என்பது முதல் கேள்வி.

“சாமியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது சார்” என்றார் படகுக்காரர் ஏழுமலை. மறைக்கிறார் என்று சந்தேகப்பட்டேன். உள்ளே சாமி படம் இருக்கிறதா என்று பார்க்க, செருப்புக் காலோடு படகில் ஏறினேன்.

ஏழுமலையோடு கடலுக்குப் புறப்படவிருந்த நால்வரும் வலையைக் கீழே இறக்கினார்கள்.

“இன்னா சார் நீ! இன்னிக்குத் தொழிலே போச்சு” என்றார் ஏழுமலை.

“சாமி இல்லன்னு சொன்னீங்களே?”

“சாமி இல்லன்னேன். செருப்போட ஏறுன்னா சொன்னேன்?”

அவர் பொய் சொல்லவில்லை. நான் ஒப்பித்த பாடம்தான் என் எதிரே வலையை இறக்கிக்கொண்டிருந்தது. ஐந்து குடும்பங்களின் ஒருநாள் பிழைப்பைக் கெடுத்துத்தான் அது எனக்குப் புரிந்தது.