காருக்குள் தேங்கிய தண்ணீர்

மலைப்பாதை என்றாலே எனக்குப் பயம். நான் பிறந்து வளர்ந்தது பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அங்கே சாலை எந்தப் பக்கம் போனாலும் சமதரையில்தான் போகும். கல்யாணமாகி கேமரன் மலைக்கு வந்த அன்று தாப்பாவில் பஸ் ஏறியவள், ரிங்லெட் வரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த புது மாப்பிள்ளை நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டார். நான் தூங்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பஸ் எந்தப் பக்கம் சாய்கிறது என்று உடம்பால் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். கொழுந்து பறிக்கிறவர்களின் கையில் வெட்டு, காலில் அட்டைக்கடிப் புண், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று எதற்கும் முதலில் அவரிடம்தான் வருவார்கள். எழுபதுகளின் கடைசியில், தோட்டத்துத் துரை தன் ஊருக்கே திரும்பிப் போனபோது, பங்களா வாசலில் மரத்தடியில் நின்றிருந்த பழைய காரை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளெல்லாம் அதைத் தொட்டுப் பார்க்க வந்தன. எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது இருக்கும். பின் சீட்டில் ஏறி நின்றுகொண்டு இறங்கவே மாட்டேன் என்றாள்.

நான் அந்தக் காரை முதலில் மோந்துதான் பார்த்தேன். ஈரத் துணியை மூட்டை கட்டி மறந்துபோனால் வருமே, அந்த வாசனை. "மலையில எந்தச் சாமான்தான் காயுது?" என்றார் அவர். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

மழைக்காலம் தொடங்கியதும் என் காலடியில் ஈரம் கசிந்தது. முதலில் செருப்புத் தண்ணீர் என்று நினைத்தோம். பிறகு ஒருநாள் விரிப்பை மிதித்தபோது கால்விரல்களுக்கு இடையே தண்ணீர் பிதுங்கியது. சீட்டுக்குக் கீழே, இரும்புத் தண்டை ஒட்டி, வெள்ளையாகச் சின்னச் சின்னக் காளான்கள் முளைத்திருந்தன. நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். ஒரு வண்டிக்குள் காளான் முளைக்கிறதென்றால் அதன் அடியில் எதுவோ அழுகிக்கொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

"ரோட்டுத் தண்ணிதான். டயர் வாரி அடிக்குதில்ல, அடித்தகட்டுல எங்கயோ ஓட்டை இருக்கு," என்றார் அவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து, கண்ணில் பட்ட துளைகளையெல்லாம் தாரைக் காய்ச்சி அடைத்தார். உள்ளே விரிப்புக்கு மேல் சாக்குகளை மடித்துப் போட்டார். ஈரத்தைச் சாக்கு குடித்துக்கொள்ளும் என்பது அவர் எண்ணம்.

அதற்குப் பிறகுதான் சத்தம் கேட்கத் தொடங்கியது. ரிங்லெட் சந்தைக்குப் போகும்போது வண்டி இடப்பக்கம் வளைந்தால், வலப்பக்கக் கதவுக்குள்ளே 'சளக்' என்று ஏதோ நகரும். வலப்பக்கம் வளைந்தால் என் கதவுக்குள் கேட்கும். பிரேக் போட்டால் பின்னாலிருந்து முன்னால் ஓடி வந்து காலுக்கடியில் அடங்கும். அதைக் கண்ணால் பார்க்க முடியாது. எங்களோடு இன்னொருவர் வண்டிக்குள் ஒளிந்துகொண்டு வருகிற மாதிரி இருக்கும். மகளுக்கு மட்டும் அது விளையாட்டு. "அம்மா, ஆறு ஓடுது, ஆறு ஓடுது!" என்று கை தட்டுவாள்.

"என்னங்க, தார் அடிச்ச பிறகு தண்ணி ஜாஸ்தியாத்தான் ஆயிருக்கு."

"மழை ஜாஸ்தி. நீ சும்மா பயந்துக்கிட்டே இருக்காத லா."

ஒருநாள் சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம். மழை விட்டிருந்தது. வாசலில் பூட்டி நிறுத்தியிருந்த கார் திடீரென்று அலறியது. ஹாரன். யாரும் அமுக்கவில்லை, யாரும் உள்ளே இல்லை. ஆனால் விடாமல் கத்தியது. லயத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். கையில் தீப்பெட்டியோடு நான் வாசற்படியிலேயே உறைந்துபோய் நின்றேன். அவர் கதவைத் திறந்து ஸ்டியரிங்கைக் குத்தினார், இழுத்தார். தானாகக் கத்தியது தானாகவே நின்றது.

தோட்டத்துக் கணக்கெழுதும் பக்கத்து வீட்டுக் கிராணியின் மனைவி என் காதோடு சொன்னாள். "அந்த வண்டில எவனோ அடிபட்டுச் செத்திருக்கணும்டி. தாயத்து ஒண்ணு கட்டு."

நான் படித்தவள், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள். ஆனாலும் அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் பூசாரியிடம் எலுமிச்சம்பழம் வாங்கி வந்து காரின் முன்கண்ணாடி ஓரமாக வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். எடுத்து எறிவார் என்று நினைத்தேன். எறியவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அந்த மாதம் தாப்பாவில் என் அக்கா மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் இல்லாத வீடு. சித்தி என்று நான் போயே ஆகவேண்டும். பஸ்ஸில் போகலாம் என்றேன். "சொந்த வண்டி இருக்கிறப்ப பஸ்ஸுல போனா உங்கக்கா வீட்டுல என்ன நினைப்பாங்க?" என்றார். காலையில் தூறலோடு கிளம்பினோம். ரிங்லெட்டைத் தாண்டி இறக்கத்தில் இறங்கியதும் மழை கொட்டத் தொடங்கியது. மூங்கில் காட்டுக்கு மேலே மூட்டம் வெள்ளையாகத் தொங்கியது. முன்கண்ணாடிக்கு அடியிலிருந்து தண்ணீர் நூல் பிடித்தாற்போல என் முழங்காலில் விழுந்தது. கைக்குட்டையை வைத்து அழுத்தினேன். கைக்குட்டை நிறைந்து மறுபடி வழிந்தது.

"என்னங்க, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்களேன்."

"இந்த வளைவுலயா? பின்னால வர்றவன் மோதிடுவான். கீழ எடம் வரட்டும்."

அவர் சொல்லி முடிக்கவில்லை, வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டது. டேஷ்போர்டுக்குள்ளிருந்து ரப்பர் கருகுகிற நாற்றம். அடுத்த நொடி ஹாரன் கத்த ஆரம்பித்தது. கண்ணாடி முழுக்க வெள்ளை. எதுவும் தெரியவில்லை. அவர் ஜன்னலை இறக்கித் தலையை மழைக்குள் நீட்டி ஓட்டினார். முன்னால் வளைவு. வலது பக்கம் மரங்களின் உச்சிகள் மட்டும் தெரிந்தன. அடிமரங்களெல்லாம் பள்ளத்துக்குள் இருந்தன.

"பிரேக்கு போகல!"

அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

"பிரேக்கு கீழ போகல, ஏதோ தடுக்குது!"

நான் அவர் காலுக்குக் கீழே குனிந்தேன். தண்ணீர் கணுக்கால் வரை நின்றது. அந்தக் கறுப்புத் தண்ணீரில் சாக்கு மிதந்து வந்து, ஊறிப் பருத்து, பிரேக்குக் கட்டைக்கு அடியில் தலையணை மாதிரி புகுந்திருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். வரவில்லை. செத்த மிருகத்தை இழுப்பது போலக் கனத்தது. தலைக்கு மேலே ஹாரன் கத்திக்கொண்டே இருந்தது. நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று ஞாபகமில்லை. அவர் கைப்பிரேக்கை இழுத்ததும் வண்டியின் பின்பக்கம் பிடி விட்டு வழுக்கியது. மலைப்பக்கமாக ஒடித்தார். இடது சக்கரங்கள் சாலையோரம் மழைத்தண்ணீர் ஓடும் கான்வாயில் இறங்கின. என் கதவு மண்சுவரை உரசிக்கொண்டே போய், ஒரு குலுக்கலோடு நின்றது.

வண்டி நின்றும் ஹாரன் நிற்கவில்லை. நான் பின்னால் திரும்பினேன். சீட்டில் மகள் இல்லை.

அந்த ஒரு கணத்தை நான் இன்றுவரை யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. சீட்டுகளுக்கு நடுவே, தண்ணீருக்குள் குப்புறக் கிடந்தாள். பட்டுப்பாவாடை மட்டும் மேலே உப்பி நின்றது. அவள் அழவில்லை. நான் எப்படி முன்சீட்டைத் தாண்டிப் பின்னால் போனேன் என்று தெரியாது. தூக்கினேன். முதுகில் தட்டினேன். இருமினாள். வாயிலிருந்து கறுப்புத் தண்ணீர் வந்தது. பிறகு பிள்ளை வீறிட்டு அழுதது. உதட்டில் சின்ன வெட்டு. வேறொன்றுமில்லை.

அவர் வெளியே குதித்து, பானெட்டைத் திறந்து, பேட்டரிக் கம்பியைப் பிடுங்கினார். ஹாரன் நின்றதும் மழைச் சத்தம் பெரிதாகக் கேட்டது. அவர் எங்களிடம் வரவில்லை. பானெட் மேல் இரண்டு கையையும் ஊன்றி, தலையைத் தொங்கப்போட்டு நின்றார். தோள்கள் குலுங்கின.

கம்போங் ராஜாவிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு வந்த ஒரு லாரி நின்றது. சீன டிரைவர் இறங்கி வந்து வண்டியைப் பார்த்தார், எதிர்ப்பக்கப் பள்ளத்தைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். "நாசிப் பாய்க், நாசிப் பாய்க்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மலாயில், உங்களுக்கு நல்ல நேரம் என்றுதான். அவரும் அவர் ஆளும் கயிறு கட்டி வண்டியை மேலே இழுத்து ஓரமாக விட்டார்கள். எதிர்த்திசையில் வந்த பஸ்ஸில் நாங்கள் வீடு திரும்பினோம். வழி முழுக்க மகளின் மூச்சை என் கன்னத்தில் வைத்துக்கொண்டே வந்தேன். காது குத்துக்கு யாரும் போகவில்லை.

தோட்டத்து லாரியில் கட்டி இழுத்து வந்த கார் வாசலில் வந்து நின்றது. "வித்துடலாம்," என்றார் அவர். வாங்கிக்கொள்ளக் கிராணி தயாராக இருந்தார். வைப்பரை மட்டும் பழுது பார்த்துக் கொடுத்தால் போதும் என்று இவர் நினைத்திருந்தார். கிராணிக்கும் பிள்ளைகள் இருந்தன. காரை ஒரு நாளும் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்த நான்தான் அன்றைக்குப் பேசினேன்.

"தண்ணி எங்கேருந்து வருதுன்னு தெரியாம எப்படிங்க விக்கிறது? நம்ம பிள்ளை பொழச்சிச்சு. அவங்க பிள்ளை?"

அவர் எழுந்து போய்க் காரின் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு, "சரி, பார்ப்போம்," என்றார்.

வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சீட்டுகளையெல்லாம் கழற்றிப் புல்லில் போட்டோம். விரிப்பைச் சுருட்டினால் அடியில் சேறும் துருவுமாக ஒரு குட்டை. தாரடைத்த துளைகளை அவர் கத்தியால் குத்தித் திறந்தார். குட்டை முழுதும் அந்த வழியாகத் தரையில் இறங்கியது. கதவுகளின் அடிவிளிம்பில் இருந்த துளைகளையும் தார் மூடியிருந்தது. அவற்றைக் குத்தியதும் கதவுக்குள்ளிருந்தும் ஊற்றியது. வெளியே போகவேண்டிய தண்ணீரை நாங்களே உள்ளே பூட்டி வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் விளங்கியது. ஆனால் அது உள்ளே வந்தது எப்படி?

அவர் காருக்குள், வெறும் தகரத்தில் டார்ச்சோடு மல்லாந்து படுத்துக்கொண்டார். நான் வெளியே நின்று பூவாளியால் ஊற்றினேன். கூரையில் ஊற்றினேன்.

"வருதா?"

"இல்ல."

ஜன்னல் ஓரமாக ஊற்றினேன். அது கதவுக்குள் இறங்கி, திறந்த துளைகள் வழியே தரைக்குப் போனது, வண்டிக்குள் வருகிறதா என்றால் இல்லை. முன்கண்ணாடிக்குக் கீழே பானெட்டை ஒட்டிக் காற்றுப் போக வரிவரியாக ஒரு தட்டி இருந்தது. அதன் மேல் ஊற்றினேன்.

"நிறுத்து, நிறுத்து!" முகமெல்லாம் தண்ணீரோடு எழுந்து உட்கார்ந்தார். "இங்கதான். ஃபியூஸ் பெட்டி மேலயே ஊத்துது."

தட்டியைக் கழற்றினோம். அடியில் ஒரு தொட்டி. அதன் இரண்டு ஓரத்திலும் தண்ணீர் கீழே இறங்க ஒரு ரப்பர் குழாய். இரண்டும் அடைத்துக் கிடந்தன. பங்களா மரத்தின் இலைகள் வருடக்கணக்காக விழுந்து மக்கி, தார் மாதிரி கெட்டியாகியிருந்தன. அதற்குள் மண்புழுக்கள் நெளிந்தன. அவர் ஆஸ்பத்திரிக்குப் போய், இனிமா கொடுக்கும் டப்பாவையும் குழாயையும் எடுத்து வந்தார். முதலில் கம்பியால் குத்தி, பிறகு குழாயை நுழைத்துத் தண்ணீரை விட்டார். குடல் அடைத்த நோயாளியைப் பார்ப்பது போலவே, பொறுமையாக. முன்சக்கரத்துக்குப் பின்னால் கறுப்பாக ஒரு கட்டி வந்து விழுந்தது. பின்னாலேயே தண்ணீர் சரசரவென்று ஓடியது. நாற்றம் தாங்காமல் நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

பிறகு ரிங்லெட் ஒர்க்ஷாப்பில் ஃபியூஸ் பெட்டியையும் பச்சை பூத்த வயர்களையும் மாற்றினார்கள். நனைந்த வயர்கள் ஒன்றோடொன்று உரசித்தான் ஹாரன் தானாகக் கத்தியது என்று அவர் கிராணி மனைவியிடமே விளக்கிச் சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டு, "இருந்தாலும் தாயத்து கட்டுங்க," என்றாள். காரை நாங்கள் விற்கவில்லை. எண்பதுகளின் நடுவில் தகரம் இற்றுப்போகும்வரை அது எங்களிடம்தான் இருந்தது. மாதம் ஒருமுறை அந்தத் தொட்டியில் கைவிட்டு இலை பொறுக்குவது என் வேலையானது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பொறுக்குவேன்.

காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்று சொல்கிறார்கள். எனக்குப் போகவில்லை. பழுது பார்த்தபின் முதல் தடவையாக மழையில் தானா ராத்தா டவுனுக்குக் கிளம்பிய அன்று, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தகரத்தில் வைத்துக்கொண்டேன். மகளை மடியில் இறுக்கிக்கொண்டேன். காலுக்கடியில் காய்ந்துதான் இருந்தது. வைப்பர் ஒழுங்காக ஆடியது. ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் அந்தச் 'சளக்'குக்காகக் காத்திருந்தேன்.

அகலமான ஒரு திருப்பத்தில், நான் ஒன்றும் கேட்காமலே அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தார்.

"என்னங்க, என்னாச்சு? தண்ணியா?"

"இல்ல. தண்ணி இல்ல." கைகளைத் தூக்கிக் காட்டினார். விரல்கள் நடுங்கின. "அன்னிலேருந்து இப்படித்தான். உன்கிட்ட சொல்லல."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்களைத் தாண்டி லாரிகள் மேலேயும் கீழேயும் போயின. மகள் கண்ணாடியில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். மழை கொஞ்சம் தணிந்தது.

"போலாமா?" என்றார்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருப்போங்க," என்றேன்.