அணைத்த ஸ்பீக்கரில் ஒரு குரல்

நம்பாதவர்கள் லிந்துலைக்குப் போய் ஜெயந்தினியிடமே கேட்கலாம். போன மாசியில், பட்டப்பகலில் நடந்தது இது.

அவள் புருஷன் தர்ஷன் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவன். ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே சரிந்து விழுந்தான். கை, கால், வாய்... எதுவும் அசையவில்லை. மூச்சு மட்டும் ஓடியது. ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்காகக் காத்திருந்தார்கள்.

"உசுரு போக வழியில்லாம கெடக்கு ஜெயந்தி. பாலத் தொட்டு வச்சு அனுப்பிடும்மா," என்றார் தர்ஷனின் அண்ணன் முத்துலிங்கம்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வழக்கம் அது. இழுத்துக்கொண்டு கிடக்கும் உயிருக்குப் பால் கொடுத்து விடைகொடுப்பார்கள். நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் ஜெயந்தினி பஞ்சைப் பாலில் நனைத்து அவன் உதட்டில் வைத்தாள்.

"கஷ்டப்பட்டது போதுங்க. நிம்மதியாப் போயிடுங்க..."

அவன் கண்கள் மேலே போயின. கீழே இறங்கின. மறுபடி மேலே.

"பாத்தியா, கண்ணு சொருகுது. கெளம்பிட்டான்."

கிளம்பவில்லை. மறுநாள் ஸ்கேன் அறைக்குள் அவனைக் கொண்டுபோனார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், மெஷினை இயக்கும் ஷாமிலாவின் அருகில் ஜெயந்தினி உட்கார்ந்தாள்.

டக்... டக்... டக்...

"சாவு வீட்டுத் தப்பு மாதிரி அடிக்குதே தங்கச்சி."

"சத்தம் போடத்தான் இதுக்குச் சம்பளமே. பயப்படாதீங்கக்கா."

சட்டென்று சத்தம் நின்றது. படம் எடுத்து முடிந்துவிட்டது.

உள்ளே கிடப்பவர் பேசினால் கேட்பதற்காக மேசையில் வைத்திருந்த ஸ்பீக்கர் கரகரத்தது.

"பாலு வேணாம் புள்ள..."

அவன் குரல்!

"நான் இங்கதான் இருக்கேன்..."

ஷாமிலாவின் முகம் வெளுத்தது. "ஸ்பீக்கர நான் போடவே இல்லக்கா..."

ஓடினார்கள்.

கண் திறந்திருந்தது.

மூச்சு இல்லை.

மாலையில் டாக்டர் படத்தைக் காட்டினார். மூளைக்கு அடியில் விரல் பருமனில் ஒரு தண்டு. நடுவே பாலம் போலப் புடைத்த இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"இந்த இடம் அவர் விழுந்த அன்னைக்கே செத்துப்போச்சும்மா. வாய்க்கும் கைகாலுக்கும் போற நரம்பெல்லாம் இது வழியாத்தான் போகுது. அதுக்கப்புறம் அவரால ஒரு சொல்லும் பேசியிருக்க முடியாது."

வாசலில் நின்ற ஷாமிலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆனா இதுக்கு மேல இருக்கிற மூளையப் பாருங்க, சுத்தமா இருக்கு. நினைவு தெளிவா இருந்திருக்கும். நீங்க பேசினதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும். கண்ண மட்டும் மேலயும் கீழயும் அசைச்சிருப்பார். யாராவது பாத்தீங்களா?"

ஜெயந்தினி மெல்ல முத்துலிங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"கண்ணு சொருகுதுன்னீங்களே மாமா..."