நான் ஏறாத கம்பம்

1997-ஆம் வருடம், திருவண்ணாமலையில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. வேலூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி, ஊர்க்காரர்கள் 'கரண்ட் ஆபீஸ்' என்று சொல்லும் மின்சார அலுவலகத்தில் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்திருந்தேன். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களின் மின்கம்பிகளும் டிரான்ஸ்பார்மர்களும் என் பொறுப்பு. அந்த ஆபீஸில் அதற்கு முன் பெண் பொறியாளர் வந்ததில்லை.

புகார் கொடுக்க வருகிறவர்கள் என் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டே, என் தலைக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்கள். "எஞ்சினீயரு எப்போ வருவாருமா?" என்று கேட்பார்கள். நான்தான் என்றால் சிரித்துவிட்டு, "பரவால்லம்மா, அவரு வரட்டும், நாங்க வெயிட் பண்றோம்" என்பார்கள். ஒரு பெரியவர் உண்மையாகவே மத்தியானம் வரை காத்திருந்தார். வெளியில் சிரித்துச் சமாளித்தாலும் உள்ளுக்குள் எனக்குப் புகைந்துகொண்டே இருந்தது.

தீபத் திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பெண்கள் பள்ளித் தலைமை ஆசிரியை ஆபீஸுக்கே வந்தார். "பத்தாவது படிக்கிற பிள்ளைங்க கிட்ட வந்து ஒரு மணி நேரம் பேசுங்க மேடம். நர்ஸ், டீச்சர் தவிர அதுங்களுக்கு வேற ஒண்ணும் தெரியல. நம்ம ஊர்லயே ஒரு லேடி எஞ்சினீயர் இருக்காங்கன்னு கண்ணால பாக்கட்டும்" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இருப்பதிலேயே நல்ல காட்டன் சேலையைக் கஞ்சி போட்டுக் கட்டிக்கொண்டு போனேன்.

மின்சாரம் எப்படி வருகிறது, பிளஸ் ஒன்னில் ஏன் கணக்கு எடுக்க வேண்டும் என்றெல்லாம் பேசினேன். பாதிப் பேர் என் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேள்வி கேளுங்கள் என்றதும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசி வரிசையில் ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் மட்டும் எழுந்தாள்.

"மேடம், நீங்க கரண்ட் கம்பத்துல ஏறுவீங்களா?"

கம்பத்தில் ஏறுவது லைன்மேன்களின் வேலை. பொறியாளர் ஏறத் தேவையில்லை. அதைச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தப் பார்வைக்காக நான் எத்தனை மாதம் ஏங்கியிருந்தேன்!

"ஓ... ஏறுவேனே" என்றேன். கைதட்டல் அடங்க நேரமானது. வாழ்க்கையில் ஏணியில் ஏறிப் பரணிலிருந்து பாத்திரம்கூட இறக்கியதில்லை நான்.

மறுநாள் சாயங்காலம் எங்கள் பிரிவின் மூத்த லைன்மேன் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். அதிகம் பேசாத மனிதர். வலது முழங்கையில் பழைய ஷாக் ஒன்றின் தழும்பு உண்டு.

"மேடம், நேத்து ஸ்கூல்ல கம்பம் ஏறுவீங்களான்னு கேட்டுதே ஒரு பொண்ணு, அது எம்பொண்ணுதாங்க."

எனக்கு முகம் சுண்டிப்போனது.

"நேத்துலேர்ந்து வூட்ல அதையே சொல்லிக்கினு கீதுங்க. கணக்கு குரூப்புதான் எடுப்பேன், எஞ்சினீயருக்குத்தான் படிப்பேன்னு. நான் வேணாம்னுட்டேன். இந்தக் கரண்ட் வேலைன்னாலே எனக்கு பயங்க. நான் பட்டது போதும். டைப்ரைட்டிங் கத்துக்கினு எங்கனா ஆபீஸ்ல உக்காந்தா போதும்னேன். அதுக்கு, மேடமே ஏறும்போது எனக்கு என்னாப்பான்னு கேக்குது."

"நான் ஏறினதே இல்லன்னு சொல்லிட்டீங்களா அண்ணா?"

அவர் பதறிவிட்டார். "அய்யோ, நான் எப்டிங்க மேடம் சொல்லுவேன்? நீங்க சொன்னத இல்லன்னு நான் சொல்லலாமா? கரண்ட் ஆஃப் பண்ணியாச்சுன்னு நீங்க சொல்ற ஒரு வார்த்தைய நம்பித்தானே தெனம் மேல ஏறுறேன்."

குத்திக்காட்டும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் வேலையில் அதற்கு 'லைன் கிளியர்' என்று பெயர். மின்சாரத்தை நிறுத்தியாகிவிட்டது, இனி கம்பியைத் தொடலாம் என்று பொறுப்பில் இருப்பவர் சொல்ல வேண்டும். சொன்னால்தான் லைன்மேன் ஏறுவார். அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லும் வாயால், நாலு பேர் கைதட்டுவதற்காக ஒரு பொய்யைச் சொல்லியிருக்கிறேன். அதுவும் அவர் பெண்ணிடமே.

இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். மூன்றாம் நாள் தலைமை ஆசிரியையிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, அதே வகுப்பில் போய் நின்றேன். "அன்னைக்கு ஒரு பொய் சொல்லிட்டேன். நான் கம்பத்துல ஏறினதே இல்ல. பெருமைக்காகச் சொன்னது. தப்பு" என்றேன். முன் வரிசையில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவிடம் வாதாட அவள் கையில் இருந்த ஒரே ஆயுதத்தை நானே பிடுங்கிவிட்டேன் என்று அவள் முகமே சொன்னது.

"அப்போ எஞ்சினீயர்னா என்னதான் மேடம் பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

"தேர் அன்னைக்கு நாங்க வேலை செய்யற எடத்துக்கு வந்து பாரும்மா" என்றேன்.

திருவண்ணாமலைப் பெரிய தேரின் உயரத்துக்கு, தெருவின் குறுக்கே போகும் மின்கம்பிகள் எதுவும் தாங்காது. தேர் நகர நகர, முன்னால் போய் மின்சாரத்தை நிறுத்தி, கம்பிகளைக் கழற்றிவிட்டு, தேர் தாண்டியதும் திரும்பக் கட்ட வேண்டும். நாள் முழுக்க அதே வேலைதான். அன்று ஒரு தெரு முனையில் நான் நின்றேன். அந்தப் பெண் அம்மாவோடு ஒரு கடைப்படியில் நின்றிருந்தாள். அவள் அப்பா ஏணியைக் கம்பத்தில் சாய்த்து, ஒரு காலை முதல் படியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

பக்கத்தில் நின்ற போலீஸ்காரரின் வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது; அவர் என்னிடம் சொன்னார். "மேடம், ஆஃப் பண்ணிட்டாங்களாம்."

தேர் ஐம்பதடி தூரத்தில் வந்து நின்றுவிட்டது. வடம் பிடித்தவர்கள் அரோகரா போட்டார்கள். "சீக்கிரம், சீக்கிரம்" என்று நாலா பக்கமும் சத்தம். உண்மையைச் சொல்கிறேன், மற்ற நாளாக இருந்தால் அந்தச் செய்தியை நம்பி உடனே தலையை ஆட்டியிருப்பேன். அன்று தலை ஆடவில்லை. அவர் சொன்ன 'ஒரு வார்த்தை' காதுக்குள்ளேயே நின்றது.

"அண்ணா, ஏறாதீங்க, இருங்க" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு எதிரே இருந்த ஜூஸ் கடைக்குள் போனேன். அந்தக் கடைக்கும் இதே கம்பியிலிருந்துதான் இணைப்பு. பின்னாலிருந்து ஒருவர், "தேரு நிக்குதுடா, மேடத்துக்கு ஜூஸ் வேணுமாம்!" என்று கத்த, கூட்டமே சிரித்தது.

கடைக்காரர் யாருக்கோ சாத்துக்குடி அடித்துக்கொண்டிருந்தார். வெளியே இருந்த இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. கிட்டப் போய்த்தான் பார்த்தேன். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

அப்படியென்றால் கம்பியில் இன்னும் மின்சாரம் இருக்கிறது. அந்த முனையில் இரண்டு டிரான்ஸ்பார்மர்களின் கம்பிகள் வந்து சேரும். அவசரத்தில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை நிறுத்தியிருக்கிறார்கள். ஓடிவந்து வயர்லெஸ்ஸைப் பிடுங்கிக் கத்தினேன். சரியானதை நிறுத்தினார்கள். திரும்பவும் கடைக்குப் போய் மிக்ஸி நின்றதைப் பார்த்தேன். கீழிருந்தே நீளக் கோலால் டெஸ்ட் பண்ணி, கம்பியைத் தரையோடு இணைத்து எர்த் பண்ணச் சொல்லி, அதையும் கண்ணால் பார்த்த பிறகுதான் அவரிடம் வந்தேன்.

"லைன் கிளியர் அண்ணா. ஏறுங்க."

எதுவும் கேட்காமல் ஏறினார். கம்பி இறங்கியது, தேர் நகர்ந்தது. கீழே வந்த பிறகுதான் நடந்ததைச் சொன்னேன். தன் இரண்டு உள்ளங்கைகளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். கடைப்படியில் நின்ற பெண்ணுக்கும் எல்லாம் காதில் விழுந்திருந்தது. அவள் வந்து அப்பாவின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் நிறைந்திருந்தது. நானும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த கம்பத்துக்குப் போனேன்.

அடுத்த ஜூன் மாதம் அப்பாவும் மகளும் ஒரு பை சாத்துக்குடியோடு ஆபீஸுக்கு வந்தார்கள். பையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

"கணக்கு குரூப்புல சேத்துட்டேங்க மேடம்."

"பயம்னு சொன்னீங்களே அண்ணா?"

"பயம் இப்பவும் கீதுங்க. ஆனா தப்ப ஒத்துக்கினு கிளாஸ்ல நின்னீங்கன்னு பொண்ணு சொல்லிச்சு. ஊரே சிரிக்கறப்போ கடைக்குள்ள போயி பாத்தீங்க, அத நானே பாத்தேன். கீழ அந்த மாதிரி ஒருத்தர் நின்னா மேல இருக்கறவன் வூடு வந்து சேருவான். எம்பொண்ணும் அப்டி ஒருத்தியா நிக்கட்டுமே."

அன்றைக்கு யாரோ ஒருவர் வந்து வழக்கம்போல எஞ்சினீயர் இல்லையா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "இவங்கதாங்க எஞ்சினீயர்" என்று அந்தப் பெண் பதில் சொன்னாள்.

அதன் பிறகு எத்தனையோ பள்ளிகளுக்குப் போய்ப் பேசிவிட்டேன், எங்கேயாவது ஒரு பெண் எழுந்து கம்பத்தில் ஏறுவீர்களா என்று கேட்கத்தான் செய்கிறாள். ஏறியதில்லை கண்ணு, ஆனால் ஏறுகிற ஒருவர் பத்திரமாக இறங்கி வரும் வரை கீழேயே நிற்பேன் என்று சொல்லும்போதெல்லாம், முதல் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்த அந்த மனிதர்தான் என் கண்முன் நிற்கிறார்.