பித்தளைச் சட்டியில் இரண்டு மீன்

"படிச்ச புள்ள நீயே இப்படிச் சொன்னா எப்படிம்மா?" என்று எங்கள் சைட் மேனேஜர் கேட்டார். நியாயமான கேள்விதான். வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். பேய், பிசாசு, சகுனம் எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சர்வே டிப்ளமோ வரை படித்திருக்கிறேன். நீங்களும் நம்ப வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

திரேஸ்புரம் கரையை ஒட்டி வடிகால் தோண்டுவதற்கு முன்னால், மண்ணுக்குள் பழைய கேபிளோ குழாயோ கிடக்கிறதா என்று மெட்டல் டிடெக்டரை வைத்துப் பார்ப்பது என் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது ஒரே இடத்தில் நின்று விடாமல் கத்தியது. முழங்கை ஆழம் தோண்டினால் கறுத்துப்போன இரண்டு உலோகத் துண்டுகள். சுண்டுவிரல் நீளம், நடுவில் பருத்து இரண்டு பக்கமும் கூம்பி, ஒரு முனையில் சின்னதாக ஒரு வெட்டு. மேனேஜர் போட்டோ எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை தாலுகா ஆபீசில் ஒப்படைக்கலாம், அதுவரை நீயே பத்திரமாக வை என்றார்.

வீட்டில் அம்மா பார்த்ததுமே மீன் என்றாள். எங்கள் பக்கம் வேண்டுதல் பலித்தால் வெள்ளியில் மீன் செய்து மாதா கோயிலில் வைப்பார்கள். இதுவும் யாரோ நேர்ந்துகொண்டதுதான் என்று முடிவே கட்டிவிட்டாள். மாதாவின் பொருள் அழுக்காக இருக்கக்கூடாதென்று மறுநாள் காலையில் பல்பொடி போட்டுத் தேய்த்து, பித்தளைச் சட்டியில் தண்ணீர் ஊற்றி உள்ளே போட்டுவைத்தாள். நிஜமாகவே வெள்ளிதான்.

அப்பா அன்று சங்கு குளிக்கக் கடலுக்குப் போயிருந்தார். கீழே இறங்குகிறவரின் இடுப்புக் கயிற்றைப் படகில் இருந்து பிடிப்பது எப்போதும் மச்சினன்தான். தங்கச்சி தாலி அறுக்க எந்த அண்ணனும் விடமாட்டான் என்ற கணக்கு. அப்பாவுக்குப் பிடிப்பது அம்மாவின் அண்ணன், என் மாமா. ஒரு இழுப்பு என்றால் நலம், இரண்டு என்றால் தூக்கு.

பத்து மணி இருக்கும். "ஏளா, இங்கன வா" என்று அம்மா கூப்பிட்ட குரலே சரியில்லை. தனித்தனியாகப் போட்ட மீன்களில் ஒன்று மற்றதன் வாலை அந்த வெட்டுக்குள் கவ்விக்கொண்டிருந்தது. தண்ணீர் ஆடியிருக்கும் என்று சொல்லி, நானே பிரித்து எதிரெதிர் ஓரத்தில் வைத்தேன். காந்தமோ என்று ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வந்தும் பார்த்தேன், ஒட்டவில்லை. அதைத் திரும்பக் கொண்டுபோய் ஒட்டிவிட்டு வருவதற்குள் மறுபடியும் கவ்வியிருந்தது. சட்டியை யாரும் தொடவில்லை, ஃபேன்கூட ஓடவில்லை.

அம்மா அழவில்லை. "ஒங்கப்பா கடலுக்குள்ள இருக்காரு, ஒம் மாமாவுக்குப் போனப் போடு" என்று மட்டும் சொன்னாள். சிக்னல் எட்டுகிற தூரத்தில்தான் படகு நிற்கும்.

"மாமா, அப்பாவ மேல தூக்குங்க."

"தூக்கியாச்சுளா. இப்பத்தான் ரெண்டு இழுப்பு இழுத்தாரு."

பின்னால் அப்பாவின் குரல், மூச்சு வாங்க: "நான் எங்க மாப்ள இழுத்தேன்? நல்ல சங்கு கண்ணுல பட்ட நேரத்துல தூக்கிட்டியே."

அவ்வளவுதான். சுறா வந்ததாகவோ வேறு எதுவும் நடந்ததாகவோ யாரும் சொல்லவில்லை. மதியம் அப்பா முழுசாக வந்து சேர்ந்தார்; அம்மா சோற்றை வைத்துவிட்டு அவர் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், என்னட்டி என்று அவர் சிரித்தார்.

திங்கட்கிழமை இரண்டையும் ஒப்படைத்து ரசீது வாங்கினேன். அது என்னவென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. நான் படித்த கல்லூரி நூலகத்தில் முத்துக்குளிப்பைப் பற்றிய பழைய இங்கிலீஷ் புத்தகம் ஒன்று கிடைத்தது. அந்தக் காலத்தில் சுறாவின் வாயைக் கட்ட மந்திரிப்பவர் ஒருவர் கரையில் இருப்பாராம். அவர் முன்னால் பித்தளைப் பாத்திரத்தில் தண்ணீர், அதில் வெள்ளியில் இரண்டு மீன், ஆண் ஒன்று, பெண் ஒன்று. கடலுக்குள் இருக்கிறவருக்கு ஆபத்து என்றால் ஒன்று மற்றதைக் கடிக்குமாம். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அன்றுதான் முதல்முறையாகத் தோன்றியது.

மீன்கள் கடித்ததற்குக்கூட ஏதாவது காரணம் கண்டுபிடித்துவிடலாம். அந்த இரண்டு இழுப்பு யாருடையது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. மாமாவுக்கும் அதுதான். "கயிறே பொய் சொன்னா நான் எத நம்பிப் பிடிக்க?" என்று சொல்லிவிட்டுக் கடலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அம்மாவுக்கு வேறு அண்ணன் தம்பி கிடையாது. அந்நியன் கையில் அப்பா கயிற்றைத் தரமாட்டார், கடலையும் விடமாட்டார்.

ஒரு வாரம் மாமா வீட்டுக்குப் போய், கயிறு பிடிக்கிற விதம் முழுவதையும் கேட்டுக்கொண்டேன். போன புதன்கிழமை, நடந்ததையெல்லாம் மேனேஜரிடம் சொல்லி லீவு வாங்கிக்கொண்டு படகில் ஏறினேன். பொம்பளப் பிள்ளை ஏறக்கூடாது என்று கரையில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அப்பா படகைக் கிளப்பினார். நங்கூரம் போட்டதும் இடுப்பில் முடிச்சைப் போட்டுக்கொண்டு, மறுமுனையை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார்.