பாய்லரின் இடது கால்

கேமராவைத் தாங்கும் டிரைபாடின் ஒரு காலடியை இடது காலால் அழுத்தி மிதித்துக்கொண்ட பிறகுதான் பாய்லர் வ்யூஃபைண்டரில் கண்ணை வைப்பார். நீதிமன்ற வாசல், மருத்துவமனைப் படிக்கட்டு, விபத்து நடந்த சாலை என எங்கே நின்றாலும் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில்தான் நிற்பார். பக்கத்தில் யாராவது உரசினால் கண்ணை எடுக்காமலே திட்டு வந்து விழும். "கண்ணை வீட்லயே கழட்டி வெச்சுட்டு வந்தீங்களா? கீழ பாத்து நில்லுங்க."

செய்திச் சேனல் ஒன்றுக்கு வீடியோ எடுக்கும் அவருக்கு, பாய்லர் என்ற பெயரை உடன் அலையும் நிருபர்களான நாங்கள்தான் வைத்தோம். நேரிலும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். அதற்கும் கோபப்படுவார், ஆனால் திரும்பிப் பார்ப்பார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். கேமரா தூக்கித் தூக்கி வலது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். சட்டைப் பையில் கறுப்பு டேப், திருகாணியை முடுக்க நூலில் கட்டிய ஒரு நாணயம், பாதி கடித்த பென்சில்.

கேமரா அவருக்குச் சொந்தமானது. டிரைபாட் அலுவலகம் கொடுத்தது. அந்த வித்தியாசத்தைப் பார்த்த உடனே சொல்லிவிடலாம். டிரைபாடின் முட்டிக்கு முட்டி டேப் சுற்றியிருக்கும். தலையை ஒரு பக்கம் திருப்பிவிட்டால் நம்மைக் கேட்காமல் கொஞ்சம் திரும்பி வரும். காற்றடித்தால் ஆடும், பக்கத்தில் ஒருவர் தும்மினாலும் ஆடும். மிதிக்காவிட்டால் வழுவழுப்பான தரையில் கால்கள் தானாக அகலும்.

இரண்டு மாதங்களுக்கு முன் அது செய்த காரியத்தை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. தொழிற்சாலைத் தீயில் மகளை இழந்த ஓர் அம்மா, சாட்சி சொல்லிவிட்டு வெளியே வந்து மைக்குகளுக்கு முன் நின்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, பாய்லர் மிதிக்காத ஒரு காலின் பூட்டு நழுவியது. படம் மெல்ல இறங்கியது. முகம் இருந்த இடத்தில் கழுத்து வந்தது, பிறகு சேலைத் தலைப்பு. நிமிர்த்தி முடிப்பதற்குள் அந்த அம்மா உள்ளே போய்விட்டார். இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்கிற விஷயமா அது?

பாய்லர் அலுவலகத்தில் புதிய டிரைபாட் கேட்டார். கொள்முதல் பிரிவிலிருந்து ஒன்று வந்தது. பிரித்துப் பார்த்தால் அதே சாமான், அட்டைப்பெட்டி மட்டும் புதிது. அந்தப் பிரிவில் இருந்த இளைஞர், அடுத்த தடவை மொபைலிலேயே எடுத்துவிடலாமே என்று வேறு யோசனை சொன்னாராம். அன்றைக்குப் பாய்லர் கத்தவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

தீர்ப்பு நாள் குறித்தார்கள். அந்த அம்மா மறுபடியும் வருவார். அவர் முகத்தை இரண்டாவது முறையும் நழுவவிட முடியாது என்று, முந்தைய சனிக்கிழமை பாய்லர் தன் கைக்காசில் ஒரு டிரைபாட் வாங்கக் கிளம்பினார். மனைவியும் வந்தார். எலும்பு வார்டில் நர்ஸ். கணவரின் கோபத்தை நோயாளியின் காய்ச்சல் மாதிரி சும்மா குறித்துக்கொள்கிற பெண்மணி. நானும் ஒட்டிக்கொண்டேன்.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது பளபளவென்று இருந்தது. பாய்லர் அதன் கால்களை முழுக்க இழுத்துவிட்டு, தலையைப் பிடித்து முறுக்கினார். மொத்தமும் சேர்ந்து முறுகியது. நடுத்தண்டை உயர்த்தி விரலால் தட்டினார். ஆட்டம் அடங்குவதற்குள் நான் கொட்டாவி விட்டு முடித்திருந்தேன். இருபது கிலோ தாங்கும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது என்றார் கடைக்காரர்.

"பெட்டியில போட்டிருக்கறத அந்தப் பெட்டியே நம்பாதுங்க" என்றார் பாய்லர்.

மனைவி குனிந்து ஒரு பூட்டைத் திறந்து மூடிப் பார்த்தார். "இந்தக் காலு தேறாது" என்று வார்டில் சொல்கிற குரலிலேயே சொன்னார்.

அடுத்தடுத்து நான்கு வந்தன. சுண்டுவிரல் பருமனில் ஐந்து அடுக்குக் கால், பிளாஸ்டிக் பூட்டு, உள்ளே ஒன்றுமில்லாத தலை. ஒவ்வொன்றுக்கும் பாய்லரின் குரல் ஒரு படி ஏறியது. நல்லது வேண்டுமென்றால் விலை அப்படி என்று கடைக்காரர் கண்ணாடி அலமாரியைக் காட்டியதும் பாய்லர் வெடித்துவிட்டார்.

"கொறஞ்ச காசுக்கு வாங்கறவன் எடுக்கற படம் ஆடினா பரவால்லன்னு எவன்யா முடிவு பண்ணான்? அவனை என் முன்னாடி கொண்டாந்து நிறுத்துங்க."

கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து ஒரு பழைய டிரைபாடை இறக்கினார். சாயம் உரிந்து, திருப்பும் கைப்பிடி இல்லாமல், தூசி படிந்து கிடந்தது. மூன்றே அடுக்கு, குழாய் மாதிரி கால், இரும்புப் பூட்டு. யாரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள், ரொம்ப கனம் என்றார், ஏதோ சொந்தக்காரரைப் பற்றிக் குறை சொல்வது மாதிரி.

பாய்லர் முறுக்கினார். அசையவில்லை. உடனே மனைவி கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் அதன் தலையில் ஊன்றித் தன் முழுப் பாரத்தையும் போட்டார். பூட்டுகளில் ஒன்றுகூட இறங்கவில்லை.

"என்னையே தாங்குது. உங்க கேமராவ தாங்காதா? வாங்குங்க."

"கைப்பிடி இல்லியேடி."

"வார்டுல ஒடஞ்ச ஊன்றுகோல் கெடக்கு. கேட்டு ஒரு துண்டு எடுத்துட்டு வரேன். மூஞ்சியக் கொஞ்சம் எறக்குங்க, எல்லாரும் பாக்கறாங்க."

தீர்ப்பு நாளில் பாய்லர் அதைத் தோளில் சுமந்து வந்தார், வழியெல்லாம் அதன் கனத்தைத் திட்டிக்கொண்டே. ஊன்றுகோல் துண்டு, ரப்பர் பிடியோடு பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இடம் பிடித்திருந்த எதிர்ச் சேனல் கேமராமேன் அதைப் பார்த்து, "என்னண்ணே, ஸ்டாண்டுக்கும் கால் ஒடஞ்சிருச்சா?" என்றார். இரண்டு மாதங்களுக்கு முன் படம் இறங்கியபோது சிரித்தவரும் அவர்தான். பாய்லர் அவருக்கு உரியதை உடனே கொடுத்தார். அதை இங்கே அச்சிட முடியாது.

கேமராவை ஏற்றியதும் பழக்கதோஷத்தில் இடது கால் எழுந்தது. டிரைபாடை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு காலைத் தரையிலேயே வைத்துக்கொண்டார். இருபது வருடப் பழக்கத்தில், அவர் இரண்டு காலில் நின்று படமெடுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தொழிற்சாலை முதலாளிக்கு அபராதம். மேலாளருக்குச் சில மாதங்கள் சிறை. அவ்வளவுதான். அந்த அம்மா வெளியே வந்ததும் கூட்டம் மொத்தமும் முன்னால் சரிந்தது. யாரோ என் முதுகில் ஏறினார்கள். பாய்லரின் டிரைபாடில் இரண்டு பேர் மோதினார்கள், அது நகரவில்லை. அந்த அம்மா அழவில்லை. கேமராவை நேராகப் பார்த்தார்.

"கதவ வெளிய பூட்டச் சொன்னது யாருன்னு கேட்டேன். அத மட்டும் இன்னும் யாரும் சொல்லல."

அந்த நேரத்தில் எதிர்ச் சேனல்காரரின் டிரைபாட் வழவழப்பான படியில் சறுக்கத் தொடங்கியது. அவருடைய இரண்டு கைகளும் கேமராவைத் தாங்கியிருந்தன. அவர் கால் அதற்கு எட்டவில்லை. படம் இறங்குவது அவர் முகத்தில் தெரிந்தது.

பாய்லரின் கண் வ்யூஃபைண்டரை விட்டு அகலவில்லை. உதடு மட்டும் எதையோ திட்டியது. இடது கால் பக்கவாட்டில் நீண்டு, துழாவி, சறுக்கிய அந்த டிரைபாடின் காலை அழுத்தி மிதித்தது. அந்த அம்மா பேசி முடிக்கும்வரை காலை எடுக்கவில்லை.