தோல் மண்டியில் கிடந்த இறக்கைகள்

இரண்டடுக்கு இறக்கை வைத்த பழைய சின்ன விமானம் ஒன்றை எங்கள் முதலாளி வாங்கினார். ஆம்பூரில் தோல் பதனிடுகிறவருக்கு அது எதற்கென்று கேட்காதீர்கள். அவர் மகள் விமானம் ஓட்டப் படித்திருந்தாள். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற என்னை, அதைப் பறக்கத் தயார் செய்யச் சொன்னார்.

கழற்றிய இறக்கைகளையும், அவற்றை இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பிகளையும் மழைக்காலம் முழுக்கப் பச்சைத்தோல் மண்டியில் போட்டு வைத்திருந்தார்கள். உப்புப் போட்டு அடுக்கிய மாட்டுத்தோல்களுக்கு நடுவில். ஒழுகாத கூரை அது ஒன்றுதானாம். அந்த யோசனையைச் சொன்ன புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியாது.

கம்பிகளைச் சோதிக்கப் போன அன்று வாசலிலேயே எனக்குக் குமட்டியது. தரையெல்லாம் கசிந்த உப்புத்தண்ணீர், அழுகல் வாடை, காதுக்குள் நுழையும் ஈ. சீ, மனுஷன் நிற்கிற இடமா அது? மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தேன். கம்பிகள் வெள்ளி பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தன. வெளியே வந்து பதிவேட்டில் ‘கம்பிகள் சரி’ என்று கையெழுத்துப் போட்டேன்.

நாட்றம்பள்ளி பக்கம் முதலாளியின் மாந்தோப்பை ஒட்டி மண் ஓடுபாதை. முதல் முறை பறக்கும் காலை, மகள் பெல்ட் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கடைசியாக ஒரு கம்பியை அழுத்திப் பார்த்தேன். பெயின்ட் பொரிந்து உதிர்ந்தது. உள்ளே முழுக்கத் துரு. குறடால் இரண்டு தரம் வளைத்தேன், முறிந்தது.

“ஒரு கம்பிதானப்பா, வேற ஒண்ணு மாட்டிடு. ஜனங்க வந்துட்டாங்க” என்றார் முதலாளி.

“எல்லாமே அந்த மண்டியில கெடந்ததுதான் சார். துரு மேலயே பெயின்ட் அடிச்சிருக்கான், அறிவு கெட்டவன்” என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற, பெயின்ட் அடித்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மகள் இறங்கி வந்து பதிவேட்டைப் புரட்டினாள்.

“கம்பி சரின்னு இருக்கே அங்கிள். யாரு பாத்தது?”

“நான்தாம்மா.”

“தொட்டுப் பாத்தீங்களா?”

“இல்லம்மா. நாத்தம் ஜாஸ்தி, உள்ள போவல.”

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பேனாவை நீட்டி, அந்த வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் காரணம் எழுதச் சொன்னாள். பெயின்ட் அடித்தவர் பார்த்துக்கொண்டு நிற்க, ‘நாற்றத்தால் பார்க்கவில்லை’ என்று என் கையாலேயே எழுதினேன்.